ஏழு பச்சையாக இருந்தால்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்கு எண்களெல்லாம் நிறமாகத் தெரிகின்றனவாம். ஏழு பச்சை, நான்கு செங்கல் நிறம். "இரண்டையும் கூட்டினால் பதினொன்று எப்படி வெள்ளையாக வரும்?" என்று வகுப்பில் கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறாள். மாமியார் கண்ணேறு என்று சொல்லி மந்திரித்த கயிறு கட்டிவிட்டார். இது நோயா? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நோயல்ல. கயிறு கையில் கிடந்துவிட்டுப் போகட்டும். திட்டுதான் நிற்க வேண்டும்.

என் அத்தை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அடிக்கும் தண்டவாளத் துண்டின் ஓசை அவருக்கு மஞ்சளாகத் தெரியும். அடிக்கிற ஆள் மாறிய அன்று, "இன்றைக்கு மஞ்சள் வெளுத்திருக்கிறதே" என்பார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

ஒரு புலன் தூண்டப்படும்போது இன்னொன்றும் சேர்ந்து விழிக்கும் இதற்கு சினெஸ்தீசியா என்று பெயர், தமிழில் இணையுணர்வு. எண்களை நிறத்தோடு காண்பவர்களைப் பற்றி பிரிட்டிஷ் அறிவியலாளர் கால்டன் 1880-லேயே எழுதிவிட்டார். ஏதோ ஒரு வகையில் நூற்றில் நான்கு பேருக்கு இது உண்டு என்கிறது 2006-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று. நாமும் 'காரமாகப் பேசினான்' என்கிறோம், ஆனால் நம் நாக்கு எரிவதில்லை. உங்கள் மகளுக்குப் பச்சை உண்மையிலேயே தோன்றுகிறது.

மூளையில் எண்ணின் வடிவை அறியும் பகுதியும் நிறத்தை அறியும் பகுதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே கூடுதல் இணைப்பு இருக்கலாம் என்று 2001-இல் சொன்னவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டில் பிறந்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன். லயத்து வீடுகளுக்கு நடுவே பலகைச் சுவர்தானே? பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் நம் சோறும் மணக்கும். அப்படித்தான்.

கற்பனையோ என்று சந்தேகமிருந்தால், ஒன்று முதல் ஒன்பது வரை நிறங்களைக் கேட்டு எழுதி அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல் மறுபடி கேளுங்கள். இட்டுக்கட்டியிருந்தால் பாதி மாறியிருக்கும். இணையுணர்வு உள்ளவர்கள் பெரும்பாலும் அதே நிறத்தைத்தான் சொல்வார்கள். ஆய்வாளர்களின் சோதனையும் ஏறக்குறைய இதுதான். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: ஏழு என்ற எண்ணைச் சிவப்பு மையில் எழுதினால் அவள் ஒரு கணம் தடுமாறக்கூடும், அது மந்தம் அல்ல. அதற்காக உறவினர் வந்தால் அழைத்து நிறம் சொல்லச் சொல்லி வேடிக்கை காட்டவும் வேண்டாம்.

இன்னொன்று. இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு. வெள்ளிக்கிழமைக்கு என்ன நிறம் என்று மாமியாரிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வந்தால் எனக்கும் எழுதுங்கள்.