கலந்தவர் யார், பிரித்தவர் யார்? – ரியானன் கிடென்ஸ் பற்றிய வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், 2024இல் வெளிவந்த அமெரிக்கப் பாடகி பியான்சேயின் 'டெக்சஸ் ஹோல்டம்' பாடலைப் பற்றி எழுதும்போது, அதில் பாஞ்சோவும் (தோல் போர்த்திய தந்தி வாத்தியம்) வியோலாவும் (வயலினைவிடச் சற்றுப் பெரியது) வாசித்திருப்பவர் அமெரிக்க இசைக்கலைஞர் ரியானன் கிடென்ஸ் என்று ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். கட்டுரையின் மற்றப் பகுதிகளை எல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே பெரும்பாலான கடிதங்கள் வந்திருப்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: கிடென்ஸை ஓரிடத்தில் ஓபரா பாடகி என்கிறார்கள், இன்னோரிடத்தில் நாட்டுப்புறப் பாடகி என்கிறார்கள், வேறோரிடத்தில் ப்ளூஸ், கன்ட்ரி என்றெல்லாம் எழுதுகிறார்கள். உண்மையில் அவர் எந்த வகையைச் சேர்ந்தவர்?

பதில்: எல்லோரும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்; கேள்விதான் அவருக்குப் பொருந்தவில்லை. 1977 பிப்ரவரியில் வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் பிறந்தவர் அவர். தந்தை வெள்ளையர், தாய் கறுப்பினத்தவர். இன்று எளிதாகக் கடந்து போய்விடக்கூடிய இந்தச் செய்திக்கு அந்த மண்ணில் ஒரு கனம் உண்டு. இரு இனத்தவரும் தங்களுக்குள் மணம் செய்துகொள்வதைத் தடுத்த சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல்தான் தீர்ப்பளித்தது. அதுநாள்வரை அத்தகைய சட்டத்தை வைத்திருந்த மாநிலங்களுள் வட கரோலினாவும் ஒன்று. அவர் பிறப்பதற்குப் பத்தே ஆண்டுகளுக்கு முன்புவரை அப்படியொரு திருமணத்தை அந்த மாநிலம் ஏற்றிருக்காது.

ஒஹையோ மாநிலத்தின் ஓபர்லின் இசைக் கல்லூரியில், பாட்டாலேயே நடக்கும் ஐரோப்பிய இசை நாடகமான ஓபராவைப் பயின்று 2000இல் பட்டம் பெற்றார். சொப்ரானோ எனப்படும் உயர் ஸ்தாயிக் குரல் அவருடையது. அரங்கின் கடைசி வரிசைவரை ஒலிபெருக்கியின் துணையின்றிச் சென்றுசேர வேண்டும் என்று பழக்கப்படுத்தப்பட்ட அந்தக் குரலோடு ஊர் திரும்பியவர், உள்ளூர் நடனக் கூட்டங்களில் ஃபிடிலும் (நாட்டுப்புற இசையில் வயலினுக்கு அதுதான் பெயர்) பாஞ்சோவும் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்டு அதில் சிக்கிக்கொண்டார். அதன்பின் நெடுங்காலம் ஓபரா மேடைக்குப் பாடகியாக அவர் திரும்பவில்லை. வேறொரு விதமாகத் திரும்பினார், அதைப் பின்னால் சொல்கிறேன்.

கேள்வி: பாஞ்சோ என்றாலே அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி வெள்ளையர்களின் வாத்தியம் என்றல்லவா படங்களில் பார்த்திருக்கிறோம்? கறுப்பினப் பெண் ஒருவர் அதை எடுத்து வாசிப்பது ஒரு புதுமைக்காகத்தானே?

பதில்: வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதையே வெவ்வேறு சொற்களில் கேட்கின்றன. கிடென்ஸின் வாழ்க்கைப் பணி முழுவதும் இந்த ஒரு தவறான எண்ணத்துக்கு அவர் சொல்லிவரும் பதில் என்பதால், சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பாஞ்சோ ஆப்பிரிக்க வேர் கொண்ட வாத்தியம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கரீபியத் தீவுகளுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், தங்கள் நாட்டு வாத்தியங்களின் நினைவில், சுரைக்குடுக்கையின் ஒரு பக்கத்தை வெட்டித் தோலைப் போர்த்தி, ஒரு கோலைச் செருகித் தந்திகளைக் கட்டினார்கள். ஜமைக்காவில் பார்த்த அத்தகைய வாத்தியத்தின் படத்தை அயர்லாந்தில் பிறந்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் 1707இல் வெளியிட்ட நூலிலேயே காணலாம். செனகல், காம்பியா பகுதியின் ஜோலா மக்கள் இன்றும் வாசிக்கும் அகொன்டிங் அதன் நெருங்கிய உறவு. ஏறத்தாழ 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை வட அமெரிக்காவில் பாஞ்சோ என்றால் அது கறுப்பினத்தவரின் வாத்தியம் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.

பிறகுதான் கைமாறல் நடந்தது. 1840களில், தக்கையை எரித்த கரியை முகத்தில் பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைப்போல நடித்துக் கேலி செய்யும் மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சிகளை வெள்ளைக் கலைஞர்கள் மேடையேற்றினார்கள். 1843இல் நியூயார்க்கில் தோன்றிய ஒரு நால்வர் குழுவின் வெற்றிக்குப் பிறகு அது நாடெங்கும் பரவிய கேளிக்கையாயிற்று. ஒரு மக்களைப் பழித்துக் காட்டுவதற்காகவே அவர்களுடைய வாத்தியம் மேடைக்கு வந்தது. வந்த இடத்தில் பெரும் புகழும் பெற்றது. சுரைக்குடுக்கை போய் வளைத்த மரச்சட்டம் வந்தது, தொழிற்சாலைகள் பாஞ்சோக்களை உற்பத்தி செய்தன.

அப்படியும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் மாநிலங்களின் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஃபிடில், பாஞ்சோவோடு ஏறக்குறைய ஒரே பாடல்களைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே வேலி போட்டவர்கள் இசைத்தட்டு வியாபாரிகள். 1920இல் மேமி ஸ்மித் பாடிய ஒரு ப்ளூஸ் இசைத்தட்டு அமோகமாக விற்றதும், கறுப்பின வாடிக்கையாளர்களுக்கென்று 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற தனிப் பட்டியல் உருவானது. 1923இல் ஃபிடில் கலைஞர் ஜான் கார்சனின் இசைத்தட்டு விற்றதும், வெள்ளையருக்கென்று 'ஹில்பில்லி' பட்டியல் தொடங்கியது. கறுப்பினக் கலைஞர் ஒலிப்பதிவுக்கு வந்தால் ப்ளூஸ் பாடச் சொன்னார்கள். ஃபிடிலோடு வந்தவரை விற்பதற்கு அவர்களிடம் பட்டியல் இல்லை. 1949இல் அமெரிக்க இசை வணிக இதழான பில்போர்டு முதல் பட்டியலை 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்றும், நாட்டார் இசைப் பட்டியலைக் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்றும் பெயர் மாற்றியது. பெயர்கள் நாகரிகமாயின, வேலி அப்படியே நின்றது. இன்று நாம் இசை வகைகள் என்று பயபக்தியோடு சொல்லும் சொற்களில் சில, கடைக்காரர் சரக்கை அடுக்கிவைத்த அலமாரிகளின் பெயர்கள்தாம். ஆகவே, வகைகளைக் கலக்கிறார் என்று கிடென்ஸைப் பாராட்டுவதுகூடப் பாதி உண்மைதான். பிரிக்கப்படுவதற்கு முன்பிருந்த நிலையிலிருந்து அவர் வாசிக்கிறார்.

(வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பதே நினைவுக்கு வராத அளவுக்கு அதைக் கர்நாடக இசையில் நாம் சொந்தமாக்கிக்கொண்டோம். ஆனால் அது வந்த வழி வேறு. அதை நமக்குத் தந்தவர்களைக் கேலி செய்து நாம் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.)

கேள்வி: ஓபரா படித்தவருக்கு இந்த நாட்டுப்புற வாசிப்பைக் கற்றுக்கொடுத்தவர் யார்?

பதில்: ஜோ தாம்சன் என்ற முதியவர். 2005 ஏப்ரலில் வட கரோலினாவின் பூன் நகரில், கறுப்பின பாஞ்சோ மரபைப் பற்றிய சந்திப்பு ஒன்று நடந்தது. அங்கே டோம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் என்ற இரண்டு இளைஞர்களை கிடென்ஸ் சந்தித்தார். மூவரும் வாராவாரம் மெபேன் என்ற சிற்றூரில் இருந்த தாம்சனின் வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். 1918இல் பிறந்த தாம்சன், தம் தந்தையிடம் ஃபிடில் கற்றவர்; மரச்சாமான் தொழிற்சாலையில் உழைத்துப் பிழைத்தவர். கறுப்பினத் தந்தி இசைக்குழு மரபில் நேரடியாக வளர்ந்தவர்களுள் எஞ்சியிருந்த மிகச் சிலரில் ஒருவர். பாடத்திட்டம், இசைக் குறிப்பு என்று எதுவும் அங்கே கிடையாது. அவர் வாசிப்பார், இவர்கள் கூடவே வாசிப்பார்கள். தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. குருகுலம் என்ற சொல்லை நான் இங்கே தயங்காமல் பயன்படுத்துவேன். 2012இல், 93ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அந்த மூவரும் சேர்ந்து அமைத்ததே கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழு. 2010இல் அவர்கள் வெளியிட்ட இசைத்தொகுப்பு அடுத்த ஆண்டு மரபார்ந்த நாட்டுப்புற இசைக்கான கிராமி விருதைப் பெற்றது.

கிடென்ஸ் கையில் அடிக்கடி காணப்படும் பாஞ்சோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1858ஆம் ஆண்டின் வாத்தியம் ஒன்றைப் பார்த்து அப்படியே செய்த நகல் அது. வீணையில் உள்ளதுபோன்ற மெட்டுகள் அதன் கழுத்தில் இல்லை. இடக்கை விரல் வயலினில்போல் வழுவழுப்பான பலகையின்மேல் சுரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். வலக்கை விரலின் நகம் தந்தியை மேலிருந்து கீழாக அடிக்கிறது. அடித்த கை எழும் முன், கழுத்தின் பாதியிலேயே தொடங்கும் குட்டையான ஐந்தாம் தந்தியைக் கட்டைவிரல் மீட்டுகிறது. தம்புராவில் சுருதி விடாமல் ஒலிப்பதைப்போல அந்த ஒரு சுரம் பாட்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கும். படங்களில் கேட்ட கணகணவென்ற உலோக ஒலியை எதிர்பார்த்து இதைக் கேட்பவர்கள் திகைத்துப் போவார்கள். இதன் ஒலி தாழ்ந்தது, அடித்தொண்டையிலிருந்து பேசுவதுபோன்றது.

கேள்வி: பெரும்பாலும் பழைய பாடல்களையே பாடுகிறாரே, அவரைப் பாடலாசிரியர் என்று எப்படிச் சொல்வது?

பதில்: 2015இல் வெளிவந்த முதல் தனித் தொகுப்பு வரைக்கும் உங்கள் கணிப்பு சரி. நீனா சிமோன், ஒடெட்டா, டாலி பார்ட்டன், எலிசபெத் காட்டன் முதலிய பெண்கள் எழுதிய அல்லது பாடிப் புகழ்பெற்ற பாடல்களே அதில் மிகுதி. சொந்தப் பாடல் ஒன்றுதான். 2017இல் வந்த 'ஃப்ரீடம் ஹைவே' தொகுப்பில்தான் பாடலாசிரியராக அவருடைய முழு உயரம் தெரிந்தது.

அதன் முதல் பாடலின் பிறப்பைச் சொன்னால் போதும். அடிமை வணிகக் காலத்துச் செய்தித்தாள் விளம்பரம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. இருபத்திரண்டு வயதுள்ள, உடல்நலம் நிறைந்த, வீட்டு வேலையும் பண்ணை வேலையும் அறிந்த பெண் விற்பனைக்கு என்று அது தொடங்குகிறது. பிறகு, போகிறபோக்கில், அவளுக்கு ஒன்பது மாதக் குழந்தை ஒன்று இருக்கிறது என்றும், அதையும் சேர்த்து வாங்குவதா வேண்டாமா என்பது வாங்குபவர் விருப்பம் என்றும் சொல்கிறது. மாடு விற்பவன்கூடக் கன்றைப் பற்றி இதைவிடப் பரிவோடு பேசுவான். அந்த 'வாங்குபவர் விருப்பம்' என்ற வணிகச் சொல்லையே கிடென்ஸ் தம் பாடலின் தலைப்பாக்கிக்கொண்டு, அந்தப் பெண்ணின் வாயிலிருந்து முழுப் பாட்டையும் பாடுகிறார். உடலையும் எலும்பையும் எடுத்துக்கொள், ஆன்மாவை எடுக்க முடியாது என்பது பல்லவியின் சாரம். பாட்டில் ஒப்பாரி இல்லை; பாஞ்சோவின் தாளம் நடையைப்போல நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. அழுகையை அவர் கேட்பவரிடம் விட்டுவிடுகிறார் என்பதே அந்தப் பாட்டின் எழுத்துத் திறமை என்று நினைக்கிறேன்.

முற்றிலும் சொந்தப் பாடல்களாலேயே ஆன தொகுப்பு 2023இல்தான் வந்தது. சோல், ஜாஸ், கேஜன், கன்ட்ரி என்று பாடலுக்குப் பாடல் உடை மாற்றும் அந்தத் தொகுப்பு என்னை அவ்வளவாகக் கவரவில்லை. குரல் எங்கும் குறை வைக்கவில்லை; ஆனால் பழைய ஆவணம் ஒன்றோடு மல்லுக்கட்டும்போது அவர் எழுத்துக்கு வரும் இறுக்கம் அதில் குறைவு.

கேள்வி: அவர் ஓபரா எழுதினார் என்பது உண்மையா?

பதில்: உண்மை, பின்னால் சொல்வதாகச் சொன்னது இதைத்தான். செனகல் ஆற்றையொட்டிய ஃபூட்டா டோரோ பகுதியில் இஸ்லாமிய அறிஞராக இருந்த ஒமார் இப்னு சயீத், 1807இல் அடிமையாகத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டார். வட கரோலினாவில் அடிமையாகவே வாழ்ந்து, 1831இல் தம் வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். இவருடைய கதையை கிடென்ஸ் ஓபராவாக எழுத, மைக்கேல் ஏபல்ஸ் அவரோடு சேர்ந்து இசையமைத்தார். 2022இல் அது முதலில் அரங்கேறிய ஊர், ஒமார் கரையிறக்கப்பட்ட அதே சார்ல்ஸ்டன். 2023இல் இசைக்கான புலிட்சர் பரிசு அதற்குக் கிடைத்தது.

கேள்வி: இப்படி எல்லாவற்றையும் சேர்த்தால் மரபு நீர்த்துப் போகாதா?

பதில்: சேர்ப்பவர் எதை நன்றாகக் கற்றிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. 2001இல் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) வகையில் வெளிவந்து புகழ்பெற்ற 'ஹிட் எம் அப் ஸ்டைல்' பாடலை கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழு ஃபிடில், பாஞ்சோ, வாயாலேயே எழுப்பும் தாளம் ஆகியவற்றோடு பாடியிருக்கிறது. கேட்டுப் பாருங்கள், ஒட்டுப்போட்ட தையல் எங்கும் தெரியாது. அதேபோல் இத்தாலியக் கலைஞர் ஃபிரான்செஸ்கோ டுரிசியோடு கிடென்ஸ் பாடிய பாடல்களில், மத்தியதரைக்கடல் பகுதியின் தோல்கருவிகள் பாஞ்சோவுக்கு அந்நியமாக ஒலிப்பதில்லை. இருவரும் பெருந்தொற்றுக் காலத்தில் அயர்லாந்தில் முடங்கியிருந்தபோது பதிவு செய்த தொகுப்பு 2022இல் கிராமி பெற்றது.

கேள்வி: முதன்முதலாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: மேலே சொன்ன 'ஃப்ரீடம் ஹைவே'யின் முதல் பாடலிலிருந்து. அதன்பின் நேராக 2025இல் ஜஸ்டின் ராபின்சனோடு சேர்ந்து வெளியிட்ட தொகுப்புக்குப் போய்விடலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் ஜோ தாம்சன் வீட்டில் கூட உட்கார்ந்து வாசித்த அதே ராபின்சன்தான். அவர் ஃபிடில், இவர் பாஞ்சோ, பெரும்பாலும் வேறு ஒன்றும் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகாமல் வட கரோலினாவில் வெட்டவெளியில் பதிவு செய்திருக்கிறார்கள். காதொலிப்பானைப் போட்டுக்கொண்டு கேட்டால், தந்திகளுக்குப் பின்னால் சிள்வண்டுகளின் இரைச்சல் விடாமல் கேட்கும்.