ஆஸ்திரேலியா விலங்குகள் பத்தி நீங்க கேட்டதுக்கு என் பதில்கள்

குயின்ஸ்லாந்துல இருக்கேன், அடிபட்ட, அம்மாவ இழந்த காட்டு விலங்குகள வீட்ல வெச்சு வளத்து திரும்ப காட்ல விடுற வாலண்டியர் வேல. வந்த கேள்விகள எடுத்து எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

கார்த்தி: அக்கா, வாம்பேட் சதுரமா புழுக்க போடுமாமே, நெஜமா?

நெஜம்தான் தம்பி. வாம்பேட்னா வளை தோண்டி வாழ்ற, குட்டிய பையில வளக்குற குண்டு விலங்கு. அதோட குடல் கடைசி பகுதியில சுவர் எல்லா பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, சில இடம் விறைப்பு சில இடம் இளக்கம், அதுல மெதுவா காஞ்சு காஞ்சு வரும்போதே மூலை விழுந்துடுது, இத கண்டுபிடிச்சவங்களுக்கு 2019ல இக் நோபல்னு, சிரிக்க வெச்சு யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்கு தர்ற பரிச குடுத்தாங்க. எனக்கு அதவிட பிடிச்சது அதோட பை. வாய் பின்பக்கம் பாத்து இருக்கும், அதனால அம்மா வளை தோண்டும்போது குட்டி மேல மண்ணு விழாது.

இதுல வடக்கு வாம்பேட்னு ஒரு இனம், 1980கள்ல எப்பிங் காட்டுல ஒரே இடத்துல 35 வாக்குலதான் மிச்சம் இருந்துச்சு. மாடு மேய விடாம தடுத்து, டிங்கோங்குற ஆஸ்திரேலிய காட்டு நாய் புகுந்து கொன்னதுக்கு அப்புறம் 2002ல சுத்தி வேலி போட்டு, இப்ப 300க்கு மேல வந்திருக்கு.

நித்யா: பிளாட்டிபஸ் கலங்கல் தண்ணியில எப்படி இர பிடிக்குது?

வாத்து மாதிரி அலகு உள்ள இந்த விலங்கு தண்ணிக்குள்ள போனா கண்ணு, காது, மூக்கு மூணையும் மூடிக்கும். எறா அசையும்போது அதோட தசையில வர்ற துளி மின்சாரத்த அந்த அலகு கண்டுபிடிச்சுடும். ஆனா அது மூச்சு விட மேல வந்தே ஆகணும்மா, நண்டு பிடிக்க போடுற மூடின வலைக்குள்ள புகுந்துட்டா வெளிய வர தெரியாம சில நிமிஷத்துல செத்துடும். ஓபரா ஹவுஸ் வலைனு சொல்லுவாங்க, விக்டோரியாவுல 2019ல தடை பண்ணிட்டாங்க. பழசு வீட்ல கெடந்தா தயவுசெஞ்சு வெட்டி தூக்கி போடுங்க.

பிரவீன்: அடுத்த மாசம் படிக்க வர்றேன் அக்கா. ரோட்ல கங்காரு அடிபட்டு கெடந்தா என்ன பண்ணணும்?

இத கேட்டதுக்கே உனக்கு நன்றிப்பா. வண்டிய பத்திரமா ஓரம் கட்டு, பெண் கங்காருனா பைக்குள்ள பாரு, அம்மா செத்து பல மணி நேரம் ஆனாலும் குட்டி உயிரோட இருக்கும். முடி மொளைக்காத ரோஸ் கலர் குட்டி காம்ப வாயில வெச்சிருந்தா இழுக்கவே கூடாது, காம்பு வாய்க்குள்ள வீங்கி நெறஞ்சு இருக்கும், இழுத்தா வாய் கிழிஞ்சிடும். உடனே ரெஸ்க்யூ நம்பருக்கு கால் பண்ணி அவங்க சொல்றத செய். பசும்பால் குடுக்காத, வயிறு போயிடும்.

பொறக்கும்போது ஒரு கிராம் கூட இருக்காது அந்த குட்டி, தானே ரோமத்த பிடிச்சு ஏறி பைக்குள்ள போகும். வெளிய துள்ளுற பெரிய குட்டிக்கு ஒரு காம்புல ஒரு மாதிரி பால், பைக்குள்ள இருக்குற சின்னதுக்கு இன்னொரு காம்புல வேற பால், ஒரே அம்மாகிட்ட ஒரே சமயத்துல! என்கிட்ட இப்ப ஒன்னு இருக்கு, தலகாணி உறைக்குள்ள தலகீழா பாய்ஞ்சு உருண்டு, கால் ரெண்டும் காதுக்கு மேல வர்ற மாதிரி சுருண்டு தூங்குது.

ஜெயந்தி: நரிக்கு விஷம் வெக்கிறாங்களாமே, மத்த விலங்கும் சாகாதா?

நியாயமான பயம். ஆனா இதுல ஒரு அதிசயம் இருக்கு. மேற்கு ஆஸ்திரேலியாவோட தென்மேற்கு மூலையில கேஸ்ட்ரோலோபியம்னு செடிங்க, அதுலயே ஃப்ளூரோ அசிடேட்ங்குற விஷம் இயற்கையா இருக்கு, அங்க உள்ள விலங்குங்க ஆயிரக்கணக்கான வருஷமா அத தின்னும், அத தின்ன பூச்சிய தின்னும் தாக்குப்பிடிக்க பழகிடுச்சு. ஐரோப்பாவுல இருந்து வந்த நரிக்கு அந்த பழக்கம் கெடையாது. அதே விஷத்த தான் 1080ங்குற பேர்ல கறித்துண்டுல வெச்சு, 1996ல இருந்து வெஸ்டர்ன் ஷீல்ட்ங்குற அரசு திட்டத்துல காடு காடா போடுறாங்க. நம்ம வீட்டு நாய் தின்னா அதுவும் செத்துடும், வலியில்லாத சாவும் இல்ல, அத நான் மறைக்க மாட்டேன். இருந்தாலும் போடணும்னுதான் சொல்லுவேன், ஏன்னா நரியும் பூனையும் வர்றதுக்கு முன்னாடி இந்த சின்ன விலங்குங்களுக்கு அப்படி ஒரு எதிரிய தெரியவே தெரியாது. பூனைதான் பெரிய தலவலி, உயிரோட பிடிச்சு திங்கத்தான் பாக்கும், கறித்துண்ட லேசுல தொடாது. அதனாலதான் பில்பி, நம்பட் மாதிரி இந்த ஊரு சின்ன விலங்குங்க எல்லாத்தயும் பூனை நுழையாத வேலிக்குள்ளயும் தீவுலயும் விடுறாங்க.

ஆனந்த்: அழிஞ்சு போச்சுனு நெனச்சது எதாவது திரும்ப கெடச்சிருக்கா?

ஆஸ்திரேலியாவுக்கு கிழக்கால கடல்ல இருக்குற லார்ட் ஹவ் தீவோட குச்சிப்பூச்சி. கை நீளத்துக்கு கறுப்பா பெருசா இருக்கும். 1918ல மகாம்போங்குற கப்பல் தரை தட்டி, அதுல இருந்த எலி தீவுல ஏறி, கொஞ்ச வருஷத்துல ஒன்னு விடாம தின்னுடுச்சு. 2001ல, பக்கத்து கடல்ல செங்குத்தா நிக்கிற பால்ஸ் பிரமிட்ங்குற பாறையில ராத்திரி டார்ச் அடிச்சு ஏறி பாத்தா, புதர் அடியில 24 பூச்சி! 2003ல ரெண்டு ஜோடி மட்டும் எடுத்துட்டு வந்தாங்க, மெல்போர்ன் ஜூவுக்கு வந்த ஜோடியில பெண்ணு சுருண்டு விழுந்துடுச்சு, ஒரு கீப்பர் கால்சியம் கலந்த கரைசல சொட்டு சொட்டா வாயில விட்டு பொழைக்க வெச்சார். அதோட வம்சம்தான் ஜூவுல ஆயிரக்கணக்குல பொரிஞ்சிருக்கு.

2019ல தீவுல எலிக்கு விஷம் வெச்சாங்க, அந்த மாசங்கள்ல வூட்ஹென்ங்குற பறக்காத பறவைகள பிடிச்சு கூண்டுல பத்திரமா வெச்சிருந்து அப்புறமா திறந்து விட்டாங்க, இப்ப அது நல்லா பெருகிடுச்சு. பூச்சிய சொந்த தீவுல திரும்ப குடியேத்துற வேலதான் இன்னும் பாக்கி.