டிஸ்சார்ஜ் அன்னிக்கு ‘திருப்தியா?’னு கேட்டா அது ஆய்வா?

கேள்வி: வணக்கம் சார். 9 வருஷமா ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், இப்போ எம்.எஸ்ஸி நர்சிங் ரெண்டாவது வருஷம். பேஷன்ட் சென்டர்டு கேர் (நோயாளிய மையமா வச்சுக் கவனிக்கிறது) பத்தி ஆய்வு பண்ணணும்னு ரொம்ப ஆசை. எங்க வார்டுல ஹார்ட் ஃபெயிலியர்னு அட்மிட் ஆகுற 60 பேரை எடுத்து, 30 பேருக்கு பேஷன்ட் சென்டர்டு கேர், மீதி 30 பேருக்கு வழக்கமான கேர், டிஸ்சார்ஜ் அன்னிக்கு திருப்தி ஸ்கோர் எடுத்து கம்பேர் பண்ணலாம்னு கைடு சொல்றாங்க. 20 கேள்வியோட டூல் நாங்களே தயார் பண்ணிட்டோம். இது போதுமா சார், வைவால (வாய்மொழித் தேர்வுல) கேட்டா நிக்குமா?

பதில்: சிஸ்டர், இந்த ஆய்வோட ரிசல்ட்ட நான் இப்பவே சொல்லிடுவேன். ரெண்டு குரூப்பும் திருப்தியாத்தான் இருப்பாங்க, உங்க குரூப் கொஞ்சம் கூடுதலா இருக்கும், பி வேல்யூ (உண்மையில வித்தியாசமே இல்லன்னாலும் தற்செயலா இவ்வளவு வர்றதுக்கான வாய்ப்பு) 0.05-க்கு கீழ வந்தாலும் வரும், ஆனா அத வச்சு நாளைக்கு வார்டுல எத மாத்தணும்னு யாருக்கும் தெரியாது. முடிவு முன்னாடியே தெரிஞ்ச ஒண்ணுக்கு எதுக்கு ஆறு மாசம் ராத்திரி டூட்டி முடிச்சுட்டு உட்கார்ந்து கண்ணு எரிய டேட்டா போடணும்? பயப்படாதீங்க, தலைப்ப மாத்த வேணாம், வார்ட மாத்த வேணாம், அந்த 60 பேரும் அப்படியே இருக்கட்டும். எத அளக்குறீங்க, யார வச்சு செய்றீங்க, இந்த ரெண்டு மட்டும் மாறணும்.

மொதல்ல இந்த திருப்தி விவகாரம். பல வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு ஆய்வுக்கு டேட்டா எடுக்குற வேலைல நானும் இருந்தேன். 5-க்கு மார்க் போடற ஃபார்ம். ஊசி போட்ட நர்ஸே ஃபார்மையும் குடுப்பாங்க, பேனாவையும் குடுப்பாங்க, எழுதி முடிக்கிற வரைக்கும் கட்டில் பக்கத்துலயே நிப்பாங்க. கிட்டத்தட்ட எல்லாமே 5. ஒரு பெரியவர் மட்டும் என்னைக் கிட்ட கூப்பிட்டு, "தம்பி, இதுல கம்மியா போட்டா வீட்டுக்கு விடறது லேட் ஆகுமா?"ன்னு கேட்டார். ஆகாதுன்னு சொன்னேன், அப்புறமும் 5 தான் போட்டார். சும்மா இருக்காம நான், இந்த நீர் மாத்திரை எதுக்குன்னு தெரியுமாங்கய்யான்னு கேட்டேன். "டாக்டர் குடுத்தார், போடறேன்." எங்க டேட்டாவுல அவரு முழு திருப்தி.

பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல. மூச்சு முட்டி வந்தவரு நடந்து வீட்டுக்குப் போறாரு, நன்றி இருக்கத்தான் செய்யும். அந்த நன்றியும் பயமும் சேர்ந்து ஸ்கோரை மேல தள்ளிடும், வழக்கமான கேர் வாங்கின குரூப்பே 4.6, 4.7-ல உட்கார்ந்துடுச்சுன்னா உங்க குரூப் ஏறுறதுக்கு இடமே இருக்காது, இதத்தான் சீலிங் எஃபெக்ட்னு சொல்வாங்க.

இத விடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு, நோயாளி சந்தோஷமா இருக்காருங்கிறதும் நோயாளி நல்லா இருக்காருங்கிறதும் எப்பவும் ஒரே பக்கம் போறதில்ல. 1998-ல இங்கிலாந்துல கின்மன்த் குழு 41 ஜெனரல் பிராக்டிஸ்கள (குடும்ப டாக்டர் கிளினிக்குகள) எடுத்து, புதுசா டைப் 2 சர்க்கரை நோய் கண்டுபிடிச்சவங்க மேல ஒரு டிரயல் பண்ணாங்க. ஒரு பக்கம் டாக்டர் நர்ஸ் எல்லாருக்கும் நோயாளிய மையமா வச்சுப் பேசுறதுக்குப் பயிற்சி, இன்னொரு பக்கம் அது இல்ல. ஒரு வருஷம் கழிச்சு 250 பேரோட தகவல் கிடைச்சது. பயிற்சி எடுத்தவங்ககிட்ட போன நோயாளிங்க, பேச்சு நல்லா இருந்துச்சு, சிகிச்சை திருப்தி, மனசும் நல்லா இருக்குன்னாங்க. எல்லாம் சரி. ஆனா எடை அந்தப் பக்கம்தான் கூடுதல், ட்ரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பும் கூடுதல், நோயப் பத்தின அறிவு ஸ்கோர் கம்மி, சர்க்கரைக் கட்டுப்பாட்டுல வித்தியாசமே இல்ல! அவங்க திருப்திய மட்டும் அளந்திருந்தா அத ஒரு வெற்றிக் கதைன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிட்டு இருப்போம். என்னைக் கேட்டா இந்தத் துறையில படிக்க வர்ற எல்லாரும் மொதல்ல படிக்க வேண்டிய ஆய்வு இதுதான்.

2012-ல அமெரிக்காவுல ஃபென்டன் குழு கிட்டத்தட்ட 52,000 பேரோட சர்வே டேட்டாவ வச்சுப் பார்த்தப்போ, ரொம்பத் திருப்தின்னு சொன்ன கால் பங்கு ஆட்கள் எமர்ஜென்சிக்குக் கம்மியாப் போயிருந்தாங்க, ஆனா அட்மிஷன் கூடுதல், செலவும் கூடுதல், இறப்பு விகிதம் 26% கூடுதல். திருப்திதான் கொன்னுச்சுன்னு இதப் படிச்சுடாதீங்க, அது அப்சர்வேஷனல் ஸ்டடி (சீட்டு போட்டுப் பிரிக்காம, நடந்தத அப்படியே பார்க்குற ஆய்வு), வெளிய தெரியாத காரணம் எவ்வளவோ இருக்கலாம். திருப்தி ஸ்கோர மட்டும் நம்பி உட்காரக் கூடாதுன்னு காட்ட இது போதும்.

அப்போ நோயாளி வாயால சொல்ற எதையும் அளக்கக் கூடாதான்னு கேப்பீங்க. அப்படி இல்லவே இல்ல, அளக்கணும், ஆனா கேள்விய மாத்திக் கேக்கணும். பாஷ் குழுவோட புற்றுநோய் ஆய்வு ஒண்ணு இருக்கு, 2017-ல அதோட சர்வைவல் ரிசல்ட் வந்துச்சு, பரவின புற்றுநோய்க்கு கீமோ எடுக்குற 766 பேர். ஒரு குரூப் வலி, வாந்தி, மூச்சுத்திணறல் மாதிரி 12 தொந்தரவுகள அவங்களே கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணணும், ஏதாவது ஒண்ணு மோசமாச்சுன்னா நர்சுக்கு உடனே மெயில் போயிடும். மத்தவங்களுக்கு வழக்கமான கவனிப்பு. மீடியன் உயிர்வாழ்வு, அதாவது பாதிப் பேர் தாண்டின காலம், பதிவு பண்ணவங்களுக்கு 31.2 மாசம், வழக்கமான கவனிப்புல 26.0 மாசம். அஞ்சு மாச வித்தியாசம், புது மருந்து எதுவும் குடுக்கல! "எங்க சேவை பிடிச்சிருக்கா"ன்னு அங்க கேக்கல, "உங்களுக்கு என்ன பண்ணுது"ன்னு கேட்டாங்க, கேட்டத ஒரு நர்ஸ் கையில சேர்த்தாங்க. பேஷன்ட் சென்டர்டுன்னு நான் நம்புறது இந்த மாதிரி வேலையத்தான்.

இப்ப ரெண்டாவது, யார வச்சு செய்றீங்கங்கிறது. உங்க திட்டத்துல "30 பேருக்கு பேஷன்ட் சென்டர்டு கேர் குடுப்போம்"னு ஒரே வரி இருக்கு. குடுப்போம்னா என்ன செய்வீங்க? சிரிச்சுப் பேசுறதா, பேர் சொல்லிக் கூப்பிடறதா, முடிவெடுக்கும்போது கூட உட்கார வைக்கிறதா? வைவால மொத கேள்வி இதுதான் வரும். ஹார்ட் ஃபெயிலியர்லயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கு, ஸ்வீடன்ல எக்மன் குழு, 2012, 248 நோயாளிங்க. நோயாளி தன் கதையத் தானே சொல்லணும், அதுலேர்ந்து ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பிளான் போடணும், அந்த பிளான் எழுத்துல ஃபைல்ல இருக்கணும். மூணே வேலை, செஞ்சாங்களா இல்லையான்னு வெளியாள் வந்து பார்த்தாலும் தெரிஞ்சுடும். அதே ஆய்வுல இன்னொரு பாடமும் இருக்கு. எல்லா நோயாளியையும் சேர்த்துப் பார்த்தா ஆஸ்பத்திரில தங்கின நாள் ஒரு நாள்தான் குறைஞ்சது, பி வேல்யூ 0.16, அதாவது தற்செயலாவும் இருக்கலாம். மூணு வேலையும் முழுசா நடந்தவங்கள மட்டும் பிரிச்சுப் பார்த்தா 2.5 நாள் குறைவு. ரெண்டாவது நம்பர மட்டும் தூக்கிக் காட்டுற பிரசன்டேஷன் நிறைய பாத்துட்டேன், ஒழுங்காத் திட்டம் நடக்குற நோயாளி ஏற்கனவே கொஞ்சம் தெம்பானவரா இருந்திருக்கலாமேங்கிற கேள்விக்கு அதுல பதில் கிடையாது. நீங்க மொத நம்பரையே மெயினா எழுதுங்க.

அடுத்து, இதுலதான் உங்க டிசைன் உடையுது. ஒரே வார்டு, அதே நர்ஸ்கள். 4-ம் பெட்காரர்கிட்ட உட்கார்ந்து கதை கேக்கணும், 5-ம் பெட்காரர்கிட்ட வழக்கம் போல இருக்கணும்னா எந்த நர்சால முடியும்? கத்துக்கிட்டத மறந்துட்டு அடுத்த கட்டிலுக்குப் போக முடியாது, போனா அது நல்ல நர்சிங்கும் கிடையாது. கன்டாமினேஷன்னு இதத்தான் சொல்றாங்க, ரெண்டு குரூப்பும் கலந்து வித்தியாசமே மறைஞ்சுடும். அதனாலதான் பெரிய ஆய்வுல எல்லாம் ஆளுக்கு ஆள் சீட்டு போடாம முழு கிளினிக், முழு வார்டுன்னு பிரிக்கிறாங்க, கிளஸ்டர் டிரயல்னு பேரு. நீங்க ரெண்டு வார்டு எடுத்தா கணக்குப்படி உங்களுக்கு 60 சாம்பிள் இல்ல, ரெண்டு சாம்பிள்தான், ஒரு வார்டுல நல்ல இன்சார்ஜ் இருந்தா அதுவே உங்க ரிசல்ட் ஆயிடும். எம்.எஸ்ஸி நேரத்துல 20 வார்டுக்கு எங்க போறது.

இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, பழைய வழிதான். நர்சையும் டாக்டரையும் விட்டுடுங்க, நோயாளியத் தயார் பண்ணுங்க. 1985-ல க்ரீன்ஃபீல்ட் குழு அல்சர் நோயாளிங்களுக்கு இதச் செஞ்சது. டாக்டரப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி 20 நிமிஷம், ஒரு உதவியாளர் கூட உட்கார்ந்து அவங்க கேஸ் ஷீட்டையே காட்டி, எங்கெங்க முடிவெடுக்க வேண்டியிருக்கு, எத எப்படிக் கேக்கலாம்னு சொல்லிக் குடுத்தாங்க. கன்ட்ரோல் குரூப்ப சும்மா விடல, அவங்களுக்கும் அதே அளவு நேரம் நோயப் பத்தி வழக்கமான பாடம். இந்தச் சமநேரம் ரொம்ப முக்கியம், இல்லன்னா "யாரோ ஒருத்தர் உட்கார்ந்து பேசினாங்க"ங்கிற ஆறுதலோட பலன உங்க பயிற்சியோட பலன்னு நினைச்சுடுவீங்க. பயிற்சி வாங்கினவங்க டாக்டர்கிட்டேர்ந்து கூடுதலா விவரம் வாங்கினாங்க, அன்றாட வேலைல தடங்கலும் கம்மியா இருந்துச்சு. பிறகு 1988-ல சர்க்கரை நோயாளிங்ககிட்ட அதே மாதிரி செஞ்சப்போ ரத்தச் சர்க்கரையும் முன்னேறுச்சு.

உங்க வார்டுக்கு இத அப்படியே போடலாம். அட்மிட் ஆகி மூச்சு கொஞ்சம் சீரானதும் நீங்களே 20 நிமிஷம் உட்காருங்க, உங்க டூட்டி இல்லாத நேரத்துல, யூனிஃபார்ம் இல்லாம இருந்தா இன்னும் நல்லது. கன்ட்ரோல் குரூப்புக்கும் 20 நிமிஷம், உப்பு, தண்ணி, மாத்திரை பத்தின பொதுவான பாடம். யாரு எந்தக் குரூப்புன்னு மூடின கவர்ல, வெளிச்சத்துல காட்டினாலும் தெரியாத கவர்ல இருக்கணும், ஒத்தைப்படை பெட் ரெட்டைப்படை பெட்னு பிரிக்காதீங்க, அது சீட்டு ஆகாது, அடுத்து யாரு வர்றாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். ரவுண்ட்ஸ் டாக்டருக்கும் வார்டு நர்சுக்கும் யாரு எந்தப் பக்கம்னு சொல்லாதீங்க. பக்கத்துப் பெட்காரங்க பேசிக்குவாங்க, அதத் தடுக்க முடியாது, லிமிடேஷன்ல (ஆய்வோட குறைகள்ல) எழுதிடுங்க. டாக்டர் "ரவுண்ட்ஸ் இழுத்துட்டுப் போகும்"னு முறைச்சார்னா, சுவிட்சர்லாந்துல 335 நோயாளிங்கள குறுக்கிடாம பேச விட்டுப் பார்த்த ஆய்வச் சொல்லுங்க, சராசரியா 92 செகண்ட்ல அவங்களே நிறுத்திட்டாங்க, 78% பேர் ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சுட்டாங்க.

அளவுக்கு வருவோம், 60 பேர வச்சு எல்லாத்தையும் பிடிக்க முடியாது. ஒரு கைக்கணக்கு சொல்றேன்: ஸ்டாண்டர்ட் டீவியேஷன (ஸ்கோர் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறி இருக்குங்கிற அளவு), நீங்க பிடிக்க நினைக்கிற வித்தியாசத்தால வகுத்து, அத வர்க்கம் பண்ணி, 16-ஆல பெருக்கினா ஒரு குரூப்புக்கு எத்தனை பேர் வேணும்னு வரும் (80% பவர், அதாவது வித்தியாசம் உண்மையிலேயே இருந்தா 80% வாய்ப்புல பிடிபடணும்; பி வேல்யூ 5% அளவுல). ஹார்ட் ஃபெயிலியர்ல நோயாளியோட தொந்தரவையும் அன்றாட வாழ்க்கையையும் அளக்க எல்லாரும் பயன்படுத்துற கான்சாஸ் சிட்டி கேள்வித்தாள் 0-லேர்ந்து 100 வரைக்கும், 5 புள்ளி மாறினா நோயாளிக்கே தெரியுற மாற்றம்னு எடுத்துப்பாங்க. டீவியேஷன் 20-ன்னு வச்சா, 5 புள்ளியப் பிடிக்க குரூப்புக்கு 256 பேர். உங்ககிட்ட 30. அந்த 30-ஆல 15 புள்ளி அளவு பெரிய வித்தியாசத்தத்தான் பிடிக்க முடியும், அவ்வளவு மாற்றம் 20 நிமிஷப் பேச்சுல வர்றது கஷ்டம். 30 நாள்ல ரீஅட்மிஷனும் அதே கதி, எண்ணி எழுதுங்க, ஆனா அத வச்சு முடிவு சொல்லாதீங்க.

அதனால மெயின் அளவு கிட்டத்துல இருக்கணும், அந்தப் பயிற்சியால நேரா மாறக்கூடியதா இருக்கணும். டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரம் கழிச்சு, குரூப் தெரியாத ஒரு ஆள் போன் பண்ணி நோயாளிய அவர் வார்த்தையிலயே சொல்லச் சொல்லட்டும்: எந்த மாத்திரை எதுக்கு, 3 நாள்ல எடை 2 கிலோவுக்கு மேல ஏறினா என்ன செய்வீங்க, யாரக் கூப்பிடுவீங்க. இதுக்கு மார்க் போடற விதத்த முன்னாடியே எழுதி வச்சுடுங்க. கூடவே நோயாளியோட அனுபவத்துக்கு 3 கேள்வி கொலாபரேட், இல்லன்னா 10 கேள்வி கேர் மெஷர், ரெண்டுமே சோதிச்சுப் பார்த்த டூல், உரிமை உள்ளவங்ககிட்ட அனுமதி வாங்கி, தமிழாக்கி, அத இன்னொருத்தர் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்க்கணும். நோயாளியக் கேக்காம வெளியாள் மட்டும் பார்த்து மார்க் போட்டா போதாதான்னா, போதாது, 2000-ல ஸ்டூவர்ட் குழு 39 டாக்டர், 315 நோயாளிங்கள வச்சுப் பார்த்தப்போ டாக்டர் நோயாளி பேச்சோட டேப் கேட்டு வெளியாள் போட்ட ஸ்கோருக்கும் உடம்பு தேறுனதுக்கும் நேரடித் தொடர்பு வரல, தன்னை மையமா வச்சுப் பேசினாங்கன்னு நோயாளி தானா உணர்ந்ததுக்குத்தான் வந்துச்சு, டெஸ்டும் ரெஃபரலும் (வேற டாக்டர்கிட்ட அனுப்புறதும்) கூட அவங்களுக்குக் கம்மியா இருந்துச்சு.

நீங்களே தயார் பண்ண அந்த 20 கேள்வி... கோவிச்சுக்காதீங்க சிஸ்டர், அதுல ஒண்ணாவது ஒரு நோயாளியக் கேட்டு எழுதினதா? பேஷன்ட் சென்டர்டுன்னு பேர் வச்சுட்டு கேள்வியெல்லாம் ஸ்டாஃப் ரூம்ல எழுதினா எக்ஸ்டர்னல் (வெளியிலேர்ந்து வர்ற தேர்வாளர்) விடமாட்டாரு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 5, 6 பேர்கிட்ட உட்கார்ந்து, வீட்டுக்குப் போறப்போ எது தெரியாம போனா பயமா இருக்கும்னு கேளுங்க, அந்தப் பதில்லேர்ந்து போன் கேள்விகளத் திருத்துங்க. எத்திக்ஸ் அனுமதி, எழுத்துல சம்மதம், மொத நோயாளியச் சேர்க்குறதுக்கு முன்னாடியே டிரயல் ரிஜிஸ்ட்ரேஷன் (ஆய்வுத் திட்டத்தப் பொதுப் பதிவேட்டுல பதியுறது), இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், ரிஜிஸ்ட்ரேஷன மட்டும் தள்ளிப் போடாதீங்க, பிற்பாடு பண்ணினா நல்ல ஜர்னல் எடுக்காது.

கைடு திருப்தி ஸ்கோர் இல்லாம முடியாதுன்னா சண்டை போடாதீங்க, ரெண்டாவது அளவா ஒரு ஓரத்துல இருந்துட்டுப் போகட்டும். அந்த ஃபார்ம மட்டும் வார்டு நர்ஸ் கையில குடுக்காதீங்க, வீட்டுக்குப் போனப்புறம் போன்ல கேளுங்க.