5 கிலோவாட் சோலார் வேண்டாம் அம்மா, உங்கள் வீட்டுக்கு 3 போதும்

கேள்வி: திருச்சி உறையூரில் சொந்த வீட்டில் மகன், மருமகள், இரண்டு பேரக்குழந்தைகளுடன் இருக்கிறேன். வயது 67. கணவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமானார். குடும்ப ஓய்வூதியம் வருகிறது. கடைசி ஆறு மின் கட்டணங்களில் பதிவான யூனிட்டுகள் 640, 690, 720, 980, 860, 670. கோடையில் ஒரே தடவையில் 6,660 ரூபாய் கட்டினேன். மொட்டை மாடியில் சோலார் போடலாம் என்று ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். 5 கிலோவாட்டுக்கு 3,10,000 ரூபாய், அதில் 78,000 மத்திய அரசு மானியம், மீதிக்கு வங்கிக் கடன், வாழ்நாள் முழுவதும் மின் கட்டணம் பூஜ்யம், மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கே விற்று வருமானம் பார்க்கலாம் என்கிறார்கள். நான் கேட்டதால் 3 கிலோவாட் 1,95,000, 2 கிலோவாட் 1,45,000 என்றும் எழுதித் தந்தார்கள். 'சின்னதாகப் போட்டால் பிரயோஜனம் இல்லை' என்கிறார்கள். மகன் இந்த ஆண்டு மின்சார ஸ்கூட்டர் வாங்கப்போகிறான். அடுத்த மாதம் 3 லட்ச ரூபாய் வைப்பு நிதி முதிர்கிறது. அதை எடுப்பதா, கடன் வாங்குவதா? மின் இணைப்பு இன்னும் கணவர் பெயரிலேயே இருக்கிறது.

பதில்: அம்மா, சோலார் போடுங்கள். தயங்க வேண்டாம். ஆனால் 5 கிலோவாட் வேண்டாம். 3 கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கடன் இல்லாமல். ஏன் என்பதை உங்கள் கட்டணத்தை வைத்தே சொல்கிறேன். நீங்கள் ஆறு தடவைக்கும் யூனிட் கணக்கை எழுதி அனுப்பியது பெரிய உதவி. எல்லோரும் ரூபாயை மட்டுமே எழுதுவார்கள். சோலார் கணக்குக்கு ரூபாயைவிட யூனிட்தான் முக்கியம்.

உங்கள் மொட்டை மாடியில் இரண்டு அரசுகளின் இரண்டு கொள்கைகள் சந்திக்கின்றன. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டத்தைக் கொண்டுவந்தது. 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, ஒரு கோடி வீடுகள் இலக்கு. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் மானியம் இல்லை. மாநில அரசோ 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாகத் தருகிறது. 500 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு அடுத்த 100 யூனிட்டையும் பாதி விலையில் தருகிறது. முதல் அரசு 'நீங்களே மின்சாரம் உற்பத்தி செய்யுங்கள்' என்று பணம் கொடுக்கிறது. இரண்டாவது அரசு குறைந்த யூனிட்டுகளை ஏற்கெனவே மலிவாக்கி வைத்திருக்கிறது. வந்த விற்பனையாளர் முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதைச் சொல்லாமல் போய்விட்டார்.

கணக்கைப் பார்ப்போம். உங்கள் ஆறு அளவீடுகளின் சராசரி 760 யூனிட். 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு வீடுகள் கட்டும் விகிதப்படி 101 முதல் 400 வரை யூனிட்டுக்கு 4.70, அடுத்த நூறுக்கு 6.30, அதற்கடுத்த நூறுக்கு 8.40, 601 முதல் 800 வரை 9.45. ஆக 760 யூனிட்டுக்கு 4,392 ரூபாய். உங்கள் கோடைக் கட்டணம் 6,660-ம் இதே விகிதத்தில்தான் அச்சாகப் பொருந்துகிறது.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். அந்த 240 யூனிட் உங்கள் கட்டணத்தின் எந்தப் பகுதியைக் கழிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அது அடியிலிருந்து கழிப்பதில்லை, உச்சியிலிருந்து கழிக்கிறது. முதல் கிலோவாட் உங்களை 760-லிருந்து 520-க்கு இறக்குகிறது. கரைவது 9.45 ரூபாய் யூனிட்டுகளும் 8.40 ரூபாய் யூனிட்டுகளும். இரண்டு மாதத்தில் உங்களுக்கு மிச்சமாவது 2,184 ரூபாய். இரண்டாவது கிலோவாட் 520-ஐ 280 ஆக்குகிறது. 500-க்குக் கீழே வந்துவிட்டதால் அந்தப் பாதி விலைச் சலுகையும் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. மிச்சம் 1,597. மூன்றாவது கிலோவாட் 280-ஐ 40 ஆக்குகிறது. ஆனால் அந்த 280 யூனிட்டுக்கு நீங்கள் கட்டவேண்டியதே 611 ரூபாய்தான். ஆகவே மிச்சமும் 611.

நான்காவது கிலோவாட் எதை மிச்சப்படுத்தும்? இலவசமாக வரும் 40 யூனிட்டை. அதாவது பூஜ்யம். ஐந்தாவதும் அப்படியே.

ஒரே விலை கொடுத்து வாங்கும் ஐந்து கிலோவாட்டில் முதலாவது ஆண்டுக்குச் சுமார் 13,100 ரூபாய் சம்பாதிக்கிறது. இரண்டாவது 9,600, மூன்றாவது 3,700, மற்ற இரண்டும் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. 'சின்னதாகப் போட்டால் பிரயோஜனம் இல்லை' என்று உங்களிடம் சொன்னது உண்மைக்கு நேர் எதிரானது. சின்னதில்தான் பிரயோஜனம் முழுவதும் இருக்கிறது. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரிடம் இப்படிச் சொல்லி விற்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் திட்டம் நல்ல திட்டம். தேவைக்கு மேல் வாங்கி ஏமாந்தவர் அடுத்த வீட்டாரிடம் 'சோலாரே வேண்டாம்' என்றுதான் சொல்வார்.

மிஞ்சிய மின்சாரத்தை விற்கும் பேச்சை முழுமையாக மறந்துவிடுங்கள். நெட் மீட்டர் முறையில் பகலில் வெளியே போகும் யூனிட், இரவில் உள்ளே வரும் யூனிட்டுக்கு ஈடாகிறது. அதுதான் அந்த முறையின் பலன். ஆண்டு முழுக்கத் தேவைக்கு மேல் தேங்கும் யூனிட்டுக்கு நீங்கள் வாங்கும் விலை ஒருபோதும் கிடைக்காது. 3-க்கும் 5-க்கும் இடையே உங்கள் கையிலிருந்து போவது 1,15,000 ரூபாய். அதே பணம் 7 சதவீத வட்டியில் வங்கியில் இருந்தால் ஆண்டுக்கு 8,050 ரூபாய் தரும்.

விற்பனையாளர் ஒன்றைக் காட்டி வாதாடலாம். மத்திய அரசின் இணையதளத்திலேயே ஓர் அட்டவணை இருக்கிறது: மாதம் 150 யூனிட் வரை 1 முதல் 2 கிலோவாட், 150 முதல் 300 வரை 2 முதல் 3, 300-க்கு மேல் போனால் 3-க்கும் மேல். உங்கள் மாதச் சராசரி 380. அட்டவணைப்படி அவர் சொல்வது சரி போலத் தோன்றும். ஆனால் அது நாடு முழுமைக்கும் பொதுவாகப் போட்டது. தமிழ்நாட்டில் நூறு யூனிட் இலவசம் என்பது அந்த அட்டவணைக்குத் தெரியாது.

அப்படியானால் 2 கிலோவாட்டே போதாதா என்று கேட்பீர்கள். மானியம் போக 2 கிலோவாட்டுக்கு உங்கள் செலவு 85,000, மூன்றுக்கு 1,17,000. கூடுதல் 32,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 3,700 ரூபாய் மிச்சம். மோசமில்லை, பிரமாதமும் இல்லை. உங்கள் வீட்டில் மூன்றை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் மகனின் ஸ்கூட்டர். நூறு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 யூனிட் பிடிக்கும். நாளுக்கு 20 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். மூன்று கிலோவாட்டோடு உங்கள் நிகரப் பயன்பாடு 40 என்று பார்த்தோம். இதையும் கூட்டினால் 76. இன்னும் இலவச நூறுக்குள்தான் இருக்கிறீர்கள். ஸ்கூட்டருக்காக 5 கிலோவாட் தேவை என்று யாராவது சொன்னால் இந்த 36-ஐ அவர் முன் எடுத்து வையுங்கள். பேனலில் தூசு படியும், ஆண்டுக்கு ஆண்டு உற்பத்தி சிறிது குறையும், ஐப்பசி கார்த்திகையில் வானம் மூடிக்கொள்ளும். மூன்றாவது கிலோவாட் இதற்கெல்லாம் இடம் கொடுக்கும்.

ஆனால் ஒன்றைத் தெரிந்தே செய்யுங்கள். மூன்றாவது கிலோவாட்டின் லாபம் அரசின் கையில் இருக்கிறது. 2022 செப்டம்பரிலும் 2024 ஜூலையிலும் நடந்தது போலக் கட்டணம் உயர்ந்தால் உங்கள் மிச்சம் கூடும். மாறாக, இலவச யூனிட்டை நூறிலிருந்து கூட்டினால் மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்த அங்கே அதிகம் இருக்காது. முதல் இரண்டுக்கு அந்தப் பயம் மிகக் குறைவு. அவற்றின் வருமானம் பெரும்பாலும் மேல் அடுக்குகளிலிருந்து வருகிறது, அங்கே எந்த அரசும் அவ்வளவு எளிதாகச் சலுகை தராது. இந்த 32,000 ரூபாயை நினைத்து மனம் உறுத்தினால் இரண்டோடு நிறுத்தினாலும் நான் மறுக்க மாட்டேன்.

'வாழ்நாள் முழுவதும் பூஜ்யம்' என்பதையும் நம்ப வேண்டாம். நான் போட்டது சராசரிக் கணக்கு. 980 யூனிட் ஓடும் கோடையில் மூன்று கிலோவாட் இருந்தாலும் ஐந்நூறு அறுநூறு ரூபாய் வரக்கூடும். பேனல் 25 ஆண்டு தாங்கும், பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் அவ்வளவு தாங்காது. பத்தாண்டை ஒட்டி மாற்ற வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 3,000 ரூபாய் ஒதுக்கினால் நிகர மிச்சம் சுமார் 23,300. போட்ட 1,17,000 ஐந்து ஆண்டுகளில் திரும்பிவிடும். இந்த மிச்சத்துக்கு வருமான வரியும் கிடையாது.

இன்னொரு ஏமாற்றமும் உங்களுக்கு வந்துவிடக் கூடாது. மின்தடை ஏற்பட்டால் இந்த சோலாரும் நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும் சரி. கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் அதை விற்றுவிடாதீர்கள்.

இப்போது பணம். மானியம் விற்பனையாளருக்குப் போவதில்லை. பேனல் பொருத்தி, நெட் மீட்டர் வைத்து, ஆய்வு முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். ஆகவே முதலில் 1,95,000 முழுவதும் கையில் இருக்க வேண்டும். முதிரும் 3 லட்சத்திலிருந்து அதைக் கொடுங்கள். மீதி 1,05,000-ஐ உடனே மறுபடியும் வைப்பில் போடுங்கள். 78,000 வந்ததும் அதையும் சேர்த்துவிடுங்கள். இந்தத் திட்டத்தில் 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாமல் குறைந்த வட்டிக் கடன் உண்டு என்பது உண்மை. தொடங்கியபோது 7 சதவீதத்தை ஒட்டி இருந்தது. கையில் பணம் இல்லாதவருக்கு அது நல்ல வழி. உங்கள் வைப்பு நிதி தரும் வட்டியும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்னும்போது, இந்த வயதில் மாதத் தவணை என்ற ஒன்றை ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? கணவரின் ஓய்வூதியம் குடும்ப ஓய்வூதியமாகக் குறைந்த பிறகு மாதச் செலவுக்கான பணம் சிக்கலில்லாமல் இருப்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

விலைப்பட்டியலை மீண்டும் எழுதி வாங்குங்கள். சோலார் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. உங்களுக்குத் தந்த விலை எந்த வரி விகிதத்தில் போட்டது என்று கேளுங்கள். பேனல் மட்டுமல்ல, அதனுள் வெயிலை மின்சாரமாக்கும் செல்லும் இந்தியாவில் தயாரானதாக இருந்தால்தான் மானியம் உண்டு. மலிவான வெளிநாட்டுச் செல் பேனலைப் பொருத்திவிட்டுப் போனால் 78,000 வராது. ஐந்தாண்டுப் பராமரிப்பு விற்பனையாளரின் கடமை, அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்று காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்றரைக்கும் நீங்களே ஒருமுறை ஏறிப் பாருங்கள், அல்லது மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். என் வீட்டில் பேனல் வைத்தவர் தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே வைத்துவிட்டார். காலை முழுவதும் தொட்டியின் நிழலிலேயே கிடந்தது. முதல் ஆண்டின் உற்பத்தியைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இடம் மாற்ற மறுபடியும் பணம் கொடுத்தேன். மூன்று கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். மாடியில் ஓர் அறை கட்டும் எண்ணம் மகனுக்கு இருந்தால் அதை இப்போதே பேசிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் முடிக்க வேண்டியது பெயர் மாற்றம். மின் இணைப்பில் இருக்கும் பெயரும் மானியம் பெறும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் பணம் நடுவழியில் நின்றுவிடும். கணவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் அல்லது சொத்து வரி ரசீது ஆகியவற்றுடன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள். மற்ற வாரிசுகள் இருந்தால் அவர்களின் ஒப்புதல் கடிதமும் தேவைப்படும். திட்டம் 2026-27 நிதியாண்டு வரைதான் என்பதால் இதை நாளை, நாளை மறுநாள் என்று தள்ள வேண்டாம். புதிய பெயரில் மின் கட்டண ரசீது கைக்கு வந்த பிறகு பி.எம். சூர்ய கர் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்து நீங்களே பதிவு செய்யுங்கள். அங்கே பதிவு பெற்ற விற்பனையாளர்களின் பட்டியல் இருக்கும். இன்னும் இருவரிடமாவது 3 கிலோவாட்டுக்கு விலை கேளுங்கள். அதுவரை வந்துபோன நிறுவனத்தாருக்கு முன்பணம் எதுவும் தர வேண்டாம்.