மறுவார்ப்புப் பீரங்கியைச் சுடலாமா? கேள்வி பதில்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் பீரங்கிகளின் அச்சில் பின்னாளில் செய்யப்பட்ட கருமருந்துப் (பழைய வகை வெடிமருந்து) பீரங்கிகளை வைத்திருப்பவர்களும் வாங்க எண்ணுபவர்களும் கேட்ட கேள்விகளுக்கு, அவற்றைப் பரிசோதிப்பதில் நீண்ட பழக்கமுள்ள ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஒஹாயோவில் நடந்த பண்ணை ஏலம் ஒன்றில் வார்ப்பிரும்புப் பீரங்கி ஒன்றை எடுத்தேன். செய்தவர் யாரென்று தெரியவில்லை. சோதனையை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அதற்குள் ஏற்கெனவே மருந்து இருக்கிறதா என்பதிலிருந்து தொடங்குங்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பல காலம் மக்கள் பார்வைக்கு இருந்த பழைய பிரிட்டிஷ் கப்பல் பீரங்கி ஒன்றை 2013 ஜனவரியில் துரு நீக்கியபோது, கருமருந்தும் குண்டும் உள்ளேயே இருந்தது தெரியவந்தது. நேரான மரக்கோல் ஒன்றை, வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றபடி, முட்டும் வரை மெதுவாக உள்ளே விடுங்கள். வாயின் விளிம்பு படும் இடத்தில் கோலில் கோடு போட்டு வெளியே எடுத்து, அந்தக் கோடு வாயோடு பொருந்தும்படி குழலின் மேல் கிடத்துங்கள். கோலின் நுனி, மருந்துக்குத் தீ வைக்கும் சிறு துளையான திரித்துளை வரையாவது எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று கொண்டு, துளையிடாமல், சூடேற்றாமல், எவரையும் அருகில் விடாமல் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். எட்டினால், நுனிக்கும் குழலின் அடிப்புறத்துக்கும் (மூடிய பின்முனை) இடையே எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதும் அதே கோலிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: வார்ப்பிரும்பு என்றாலே குழலுக்குள் பொருத்திய எஃகு உட்குழாய் வேண்டும் என்கிறார்கள். தடிமனாக வார்த்திருந்தால் போதாதா?

பதில்: போதாது. நல்ல வெண்கலம் பெரும்பாலும் உடைவதற்கு முன் புடைத்தோ கிழிந்தோ தன் நிலையைக் காட்டிவிடும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது. முந்தைய சுடுதல் வரை எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்துவிட்டு, அடுத்ததில் துண்டு துண்டாகச் சிதறும். வார்ப்பின்போது உள்ளே தங்கிய காற்றுக்குமிழியையோ, மையம் விலகியதால் ஒரு பக்கம் மெலிந்த சுவரையோ, சாயம் பூசிய வெளிப்புறம் மறைத்துவிடும். உள்நாட்டுப் போர்க்கால ஆயுதங்களால் சுடும் போட்டிகளை நடத்தும் அமெரிக்கச் சங்கமான, 1950இல் தொடங்கப்பட்ட வடக்கு-தெற்கு ஸ்கர்மிஷ் அசோசியேஷன், தன் போட்டிகளுக்கு வரும் வார்ப்பிரும்புக் குழல்களில் 3/8 அங்குலத்துக்குக் குறையாத சுவருள்ள, தையல் (நீளவாக்கில் ஒட்டிய இணைப்பு) இல்லாத எஃகு உட்குழாய் இருக்க வேண்டும் என்று விதித்திருப்பது இதனால்தான்.

வாயின் முகத்தை எமரித்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால், உட்குழாய் இருக்குமிடத்தில் நெருக்கமான, வெளிறிய எஃகு வளையமும், அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் சற்றுச் சொரசொரப்பான வார்ப்பிரும்பும், இரண்டுக்கும் இடையே மயிரிழை போன்ற கோடும் தெரியும். ஆனால் பலர் அதோடு நிம்மதியடைந்துவிடுகிறார்கள். என் கவலையெல்லாம் மறுமுனையைப் பற்றியது. உட்குழாயின் அடி, மரையிட்டுப் பூட்டிய கனமான எஃகு அடைப்பால் மூடப்பட்டிருக்க வேண்டும். வெறும் குழாயைச் செருகி, அடியை வார்ப்பிரும்பிடமே விட்டிருந்தால், வாயு குழாய்க்குப் பின்னால் புகுந்து, அழுத்தம் முழுவதும் எந்த உலோகத்தின் மேல் படக்கூடாதோ அதன் மேலேயே படும். வாய்ப்புறத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். செய்தவரின் எழுத்துப்பூர்வமான விவரமோ எக்ஸ்ரே படமோ இல்லாத குழலை நான் சுட ஒப்புவதில்லை.

கேள்வி: முந்தைய உரிமையாளர் பல ஆண்டுகள் சுட்டிருக்கிறார், ஒரு முறை இரட்டை மருந்து போட்டும் சோதித்தாராம். அதுவே சான்றாகாதா?

பதில்: 1844 பிப்ரவரி 28 அன்று, பொட்டோமாக் ஆற்றில் பிரின்ஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில், ‘பீஸ்மேக்கர்’ என்ற பெரும் பீரங்கி அன்றைய விருந்தினர் முன்னிலையில் பழுதின்றிச் சுட்டது, பிறகு மறுபடியும் சுட்டபோது வெடித்தது. வெளியுறவுச் செயலர் அப்ஷர், கடற்படைச் செயலர் கில்மர் உள்ளிட்ட 6 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு சுடுதலும் உள்ளிருக்கும் விரிசலைச் சிறிது நீட்டக்கூடும் என்பதால், நேற்று தாங்கியது என்பது இன்று தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வீட்டுத் தோட்டத்தில் இரட்டை மருந்து போடுவது என் கண்ணில் சோதனையே அல்ல. நல்ல குழலில் விரிசலை உண்டாக்கிவிட்டு, அது தேறிவிட்டது என்று நம்பவைக்கும் செயல் அது. இங்கிலாந்தில் லண்டன், பர்மிங்காம் சோதனைச் சாலைகளில் கூடுதல் அழுத்தத்தில் சுட்டபின் குழலை ஆராய்ந்து, அதன் பிறகே முத்திரை இடுகிறார்கள். அந்த ஆராய்ச்சி இல்லாவிட்டால் சுட்டதற்குப் பொருளே இல்லை.

கேள்வி: நண்பர் தண்ணீர்க் குழாயின் ஒரு முனையை வெல்டிங் செய்து மூடி, சிறு பீரங்கி செய்து தந்திருக்கிறார்.

பதில்: சுடாதீர்கள். நீளவாக்கில் ஒட்டிய தையலும், அடியில் உள்ள ஒற்றை வெல்டிங்கும் இந்த அழுத்தத்துக்கு ஆனவை அல்ல. இனி எவரும் சுட முடியாதபடி திரித்துளையை நிரந்தரமாக மூடிவிடுங்கள்.

கேள்வி: அல்ட்ராசவுண்ட் கருவி எங்கள் தொழிற்சாலையில் உண்டு. அதை வைத்துப் பார்க்கலாமா?

பதில்: எஃகில் நன்றாகப் பயன்படும். சாம்பல் வார்ப்பிரும்பில் உள்ள கிராஃபைட் தகடுகள் ஒலியைச் சிதறடிப்பதால் முடிவை நம்புவது கடினம். மேற்பரப்பில் திறந்திருக்கும் விரிசல்களுக்கு, ஊடுருவும் சாயச் சோதனை எளியது, செலவும் குறைவு. திரித்துளையைச் சுற்றியும், அச்சுமுளைகள் (குழலை வண்டியில் தாங்கும் பக்கவாட்டு முளைகள்) குழலோடு சேரும் மூலையிலும் அவசியம் செய்யுங்கள்.

கேள்வி: குண்டில்லாமல் ஓசைக்கு மட்டும் சுடப் போகிறோம். இவ்வளவு பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டும். குண்டில்லாதபோது அழுத்தம் குறைவுதான். ஆனால் ஈரத்துணியையோ களிமண்ணையோ இறுக்கிக் குத்தினால் அந்தச் சலுகை போய்விடும். அடைப்பின் ஓரத்தில் உள்ள இடுக்கிலோ, குழலின் அடியில் மருந்து தங்கும் குறுகிய மருந்தறையின் படியிலோ கங்கு தங்கினால், அடுத்த மருந்தைத் திணிப்பவரின் கை போகும். அதனால் உட்புறம் அடிவரை வழவழப்பாக இருக்கிறதா என்று சிறு கேமராவை விட்டுப் பாருங்கள்; கங்கை அணைக்கும் ஈரப் பஞ்சு அடிவரை சென்று படிகிறதா என்றும் பாருங்கள். நவீனத் துப்பாக்கிகளுக்கான புகையில்லா மருந்தை எந்த அளவிலும், கருமருந்தோடு கலந்தும்கூட, போடவே கூடாது. மேலே சொன்ன சோதனைகள் அனைத்திலும் தேறிய குழலும் அதற்குத் தாங்காது.