தேனும் வந்தேனும்

கேள்வி: தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொழுதுபோக்காகப் பைத்தான் என்ற கணினி மொழி படித்து, தமிழில் பேசும் சின்ன சாட்பாட் ஒன்று எழுதினேன். இப்போது செல்போனில் ஏஐயிடமும் தினமும் பேசுகிறேன். "அடுத்த வார்த்தையை ஊகிக்கிறது, அவ்வளவுதான்" என்கிறான் மகன். எனக்கோ நான் சொல்வது அதற்குப் புரிகிறது என்றே தோன்றுகிறது. எந்திரம் யோசிக்குமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள ஐயா,

நானும் உங்களைப் போல ஒன்று எழுதியவன்தான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 1966-இல் வெளியிட்ட எலிசாதான் எனக்கு முன்மாதிரி. நாம் டைப் செய்வதில் ஒரு முக்கியச் சொல்லைத் தேடி, 'என்' என்பதை 'உங்கள்' ஆக்கி, நம் வாக்கியத்தையே மனநல மருத்துவர் மாதிரி திருப்பிக் கேட்கும் நிரல் அது.

ஆங்கிலத்தில் சொல்லை மாற்றினால் பெரும்பாலும் போதும். தமிழில் நானும் நீங்களும் வினையின் வாலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறோமே! அதனால் 'ஏன்' என்று முடிந்தால் 'ஈர்கள்' ஆக்கு, கடைசியில் 'ஆ' சேர் என்று விதி எழுதினேன். 'மதுரையிலிருந்து வந்தேன்' என்றதும் 'மதுரையிலிருந்து வந்தீர்களா?' என்று அழகாகக் கேட்டது. அப்புறம் 'மருந்துக்குத் தேன் வாங்கி வந்தேன்' என்று அடித்தேன். 'மருந்துக்குத் தீர்கள் வாங்கி வந்தீர்களா?' என்றது. அதற்குத் தேனும் தெரியாது, வந்தேனும் தெரியாது.

இன்றைய ஏஐ இதில் தடுமாறாது. யாரும் விதி எழுதித் தராமலே, மலைமலையாக எழுத்தைக் கொட்டிப் பழக்கியதில் வந்த திறமை அது. அடுத்த சொல்லை ஊகிக்கிறது என்று உங்கள் மகன் சொல்வது சரி. 'அவ்வளவுதான்' என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தேன் வேறு, வந்தேன் வேறு என்று பிரிக்கத் தெரியாமல் அவ்வளவு சரியாக ஊகிக்க முடியாது. அதை ஒருவகை அறிவு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் யோசிப்பது என்று நாம் சொல்வதில் இன்னும் நிறைய இருக்கிறது. தேன் வாங்கியதைச் சொன்னால் 'யாருக்கு உடம்பு சரியில்லை?' என்று ஏஐயும் கேட்கும். உங்கள் வீட்டில் அதைக் கேட்பவர் பதில் வரும்வரை தவிப்பார்; மறுநாள் மறக்காமல் விசாரிப்பார். அந்தத் தவிப்பு எந்திரத்துக்கு உண்டு என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

புரிகிறது என்று நமக்குத் தோன்றுவதை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள். வைசன்பாம் பல மாதங்கள் எலிசாவை எழுதுவதை அவருடைய செயலாளர் கூடவே இருந்து பார்த்தவர். அது நிரல் என்று அவருக்குத் தெரியும். அப்படியும் அதனுடன் நாலு வரி பேசியதுமே, தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே போங்கள் என்று வைசன்பாமிடமே சொல்லிவிட்டார். இது வைசன்பாமை மிகவும் உறுத்தியது. 1976-இல் இதைப் பற்றி எச்சரித்து ஒரு புத்தகமே எழுதினார்.

எந்திரம் யோசிக்குமா என்ற கேள்வியை அப்படியே கேட்பதில் பயனில்லை என்று 1950-லேயே கணினி முன்னோடி ஆலன் டூரிங் அதை ஒரு சோதனையாக மாற்றினார். நீங்களும் மாற்றிப் பாருங்கள். உங்களுக்கு அத்துப்படியான தபால் வேலையிலிருந்து கேளுங்கள். கோயில் பின்பக்கம், முருங்கை மரத்து வீடு என்று அரைகுறையாக வந்த முகவரியை என்ன செய்வது? பிறகு கேள்வியில் ஒரே ஒரு விவரத்தை மாற்றிக் கேளுங்கள். பதில் அதற்கேற்ப மாறுகிறதா, பழைய பாட்டையே பாடுகிறதா என்று பாருங்கள். மகனையும் பக்கத்தில் உட்கார வைத்து, என்ன பதில் வரும் என்று இருவரும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

அப்புறம், உங்கள் நிரலிடம் 'பேன் பார்த்தேன்' என்று சொல்லிப் பார்த்தீர்களா? என்ன பதில் வந்தது என்று அவசியம் எழுதுங்கள்.