வாசகர் கேள்வி: மோவாய் முடியும் எலக்ட்ராலிசிஸும்

கேள்வி: எனக்கு வயது 36. மோவாயிலும் மேலுதட்டிலும் தடித்த முடி வளர்கிறது. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று பிளக்கரால் பிடுங்குவதே வேலையாகிவிட்டது. லேசர் செய்ததில் கறுப்பு முடி குறைந்தது, வெள்ளை முடி அப்படியே நிற்கிறது. எலக்ட்ராலிசிஸ் செய்தால் நிரந்தரமாகப் போகும் என்கிறார்கள். உண்மையா? வலிக்குமா? எவ்வளவு காலம் ஆகும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உண்மைதான், போகும். ஆனால் காலம் எடுக்கும்.

லேசர் ஒளியை உறிஞ்சுவது முடியிலுள்ள மெலனின் என்ற நிறமி. வெள்ளை முடியில் அது இல்லை, அதனால் எத்தனை முறை செய்தாலும் பலன் இருக்காது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் லேசரை 'நிரந்தரக் குறைப்பு' என்றுதான் சொல்லவிடுகிறது. எலக்ட்ராலிசிஸுக்கு முடியின் நிறம் ஒரு பொருட்டே இல்லை. முடி அளவே மெல்லிய ஊசியை மயிர்க்காலுக்குள் இறக்கி, மின்சாரத்தைச் செலுத்துகிறோம். ஒரே திசையில் ஓடும் நேர் மின்சாரம் (டி.சி.) என்றால், அங்குள்ள உப்பும் நீரும் காஸ்டிக் சோடாவாக மாறி, முடியை வளர்க்கும் செல்களை அழிக்கும். உயர் அதிர்வெண் மின்சாரம் என்றால் சூட்டினால் அழிக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்வதை 'பிளெண்ட்' என்போம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், உள்பக்கம் வளைந்து கண்ணைக் குத்தும் இமை முடிகளை இப்படி அழித்ததை 1875-இல் எழுதினார். கண்ணைக் காப்பாற்ற வந்த வைத்தியம் இது. இதை வெறும் அலங்காரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

காலம் எதற்கு என்றால், ஒவ்வொரு முடியாகத்தான் செய்ய முடியும். தவிர, எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளரும், சில ஓய்வில் இருக்கும். வளர்கிற கட்டத்தில் பிடித்தால்தான் வேர் சரியாகச் சாகும். ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் இடைவெளி கூடும். மோவாய்க்கு ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை ஆகலாம். 'நாலே முறையில் முடித்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இனி நான் கேட்பதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். இன்றிலிருந்து பிடுங்காதீர்கள். த்ரெட்டிங், வேக்ஸிங்கும் வேண்டாம். வேரோடு பிடுங்கிய முடி மறுபடி தலைகாட்டப் பல வாரம் ஆகும், அதுவரை நான் ஊசியை எங்கே இறக்குவது? இடையில் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், அல்லது ஷேவ் செய்யுங்கள். ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்பது உண்மையில்லை. வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சிகிச்சைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, கொஞ்சம் வளர்ந்த முடியோடு வாருங்கள். என்னிடம் வருகிற பெண்கள் பலர் முதல் நாளில் மோவாயைக் கையால் மறைத்துக்கொண்டேதான் பேசுவார்கள். முடியோடு வெளியே நடந்து வருவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன்.

அதற்கும் முன்னால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? முகப்பரு, எடை கூடுதல், தலைமுடி மெலிதல் உண்டா? பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருந்தால், நான் ஒரு பக்கம் வேரை அழிக்க, ஹார்மோன் இன்னொரு பக்கம் பூனை முடியைத் தடித்த முடியாக மாற்றிக்கொண்டிருக்கும். 'எலக்ட்ராலிசிஸ் பலிக்கவில்லை, திரும்ப வந்துவிட்டது' என்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். வந்தது பழைய முடி இல்லை, புதிய முடி. திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ, குரல் தடித்தாலோ தள்ளிப்போடவே கூடாது.

வலி? சுருக்கென்று குத்தும், சூடு தெரியும். மேலுதட்டில் அதிகம், மோவாயில் கொஞ்சம் தேவலை. மரத்துப்போகும் கிரீமை மருத்துவரிடம் கேட்டுத் தடவலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேர் சரியாகச் செத்திருந்தால் முடி இழுபடாமல் வழுக்கிக்கொண்டு வரும். பிடுங்குகிற மாதிரி வெடுக்கென்று இருந்தால் அந்த முடி திரும்ப முளைக்கும், உடனே செய்பவரிடம் சொல்லுங்கள். ஊசி புதிதாக, உங்கள் கண் முன்னால் பாக்கெட்டிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். சிவப்பும் லேசான வீக்கமும் சில மணி நேரத்தில் அடங்கும். பொருக்கு வந்தால் உரிக்காதீர்கள். மாநிறம், கறுப்பு நிறத் தோலில் கருந்தழும்பு விழும் வாய்ப்பு கூடுதல், அதனால் வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் அவசியம். தழும்பு தடித்து வளரும் தோல் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது. அவர் எலக்ட்ராலிசிஸ் செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இதய மருத்துவர் சம்மதிக்காமல் யாரும் ஊசியைத் தொடவே கூடாது. அம்மாவுக்கு ஷேவிங் போதும், நீங்களே செய்துவிடலாம்.

கேள்வி: கன்னத்து மச்சத்தில் முடி வளர்கிறது. எடுக்கலாமா?

பதில்: முதலில் தோல் மருத்துவர் மச்சத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லட்டும். அதுவரை கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள்.